உபதேசியார் திரும்பிப் போகலாமா?

கேள்வி: என் கணவர் 1978 முதல் 1983 வரை இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மிஷன் சபையைக் கவனிக்கும் உபதேசியாராக இருந்தவர். தமிழருக்கு எதிரான 83 கலவரத்தோடு ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன் என்று இன்றைக்கும் சொல்லி மாய்கிறார். எங்களுக்குக் கல்யாணம் ஆனது அதற்கப்புறம்தான். எனக்கு அந்த இடமும் தெரியாது, ஆட்களும் தெரியாது. அவருக்கு இப்போது 71 வயது. என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். இரண்டு பெட்டி நிறையச் சேலையும் பிள்ளைகளுக்கு உடுப்பும் வாங்கி வைத்தாயிற்று. “அங்கே இப்போது யார் இருக்கப் போகிறார்கள்?” என்று மகன்கள் தடுக்கிறார்கள். போகலாமா? போனால் நான் அங்கே என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: போங்கள் அம்மா. ஐயாவின் முழங்கால் படியேறச் சம்மதிக்கும்போதே போய்விடுங்கள். ஆனால் மகன்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்காமல் முதலில் அதற்குப் பதில் தேடுங்கள்.

ஐயா இங்கே மலையகத்தில் இருந்த ஆண்டுகளில் தோட்டங்களே காலியாகிக்கொண்டிருந்தன. 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று முடிவானது. போனவர்களில் பெரும்பாலோர் எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும்தான் கப்பலேறினார்கள். 1984-இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பலே நின்றுவிட்டது. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிட்டு அழுது திரும்பிய குடும்பங்களை ஐயா கண்ணாலேயே பார்த்திருப்பார், கேட்டுப் பாருங்கள். 1977, 1981, 1983 கலவரங்களில் அடிமேல் அடி வாங்கியதில் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடிபோனவர்களும் ஏராளம். ஆக, அவர் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் பலர் இன்றைக்குப் பொகவந்தலாவையில் இருக்க வாய்ப்பில்லை. கோத்தகிரியிலும் கூடலூரிலும் பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். உங்கள் ஊரிலிருந்து ஒரு ராத்திரி பஸ் பயணம்!

அதனால் என் யோசனை இதுதான். விமான டிக்கெட் எடுக்கும் முன்பு கோத்தகிரிக்குப் போங்கள். ‘சிலோன்காரர்’ குடியிருப்பு எது என்றால் யாரும் காட்டுவார்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். கம்பெனி வைத்த இங்கிலீஷ் பெயரை மட்டும் சொன்னால் வேலைக்காகாது. ஆட்கள் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயரையும், மேல் டிவிசனா கீழ் டிவிசனா என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்து ஆள் ஒருவர் கிடைத்துவிட்டால் போதும், இங்கே யார் இருக்கிறார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள், யாருடைய மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான் என்பதெல்லாம் போன் நம்பரோடு வந்துவிடும். நாற்பது வருஷம் கழித்தும் இந்தப் பக்கத்துச் சாவுச் செய்தி அந்தப் பக்கம் அன்றைக்கே போகிறது.

அடுத்தது அந்தப் பெட்டிகள். தயவுசெய்து வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் பெட்டியைத் திறந்தால், கிடைத்த வீடு கிடைக்காத வீடு என்று பிரிந்து, நீங்கள் விமானம் ஏறிய பிறகும் சண்டை ஓடும். சேலையை நீட்டியதும் வந்தவர் கொடுப்பவராகவும் இருப்பவர் வாங்குபவராகவும் ஆகிவிடுவார்கள். ஐயாவுக்கு அது பழகிய இடம் என்பதும் ஒரு சிக்கல்தான். 1854-இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பெயரில் வேலை தொடங்கிய காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து உபதேசிமார் இங்கே வந்தார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாரும் அதற்குப் பணம் கொடுத்தார்கள். ஆகவே உபதேசியார் என்றால் பாதி நம்ம ஆள், பாதி ஆபீஸ் பக்கத்து ஆள் என்ற நினைப்பு அந்தக் காலத்துச் சனங்களுக்கு இருந்திருக்கும். ஐயா வரும்போது துரைமார் போய்த் தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்திருந்தது என்றாலும், அவர் லயத்தில் குடியிருந்திருக்க மாட்டார். இந்தத் தடவையாவது வெறுங்கையோடு, விருந்தாளியாக வரட்டும். பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யத் தோன்றினால் அதிபரிடம் (தலைமையாசிரியரிடம்) என்ன தேவை என்று கேட்டுவிட்டுப் பிறகு அனுப்பலாம்.

சேலைக்குப் பதிலாக ஒன்று கொண்டு வரலாம். அவரிடம் அந்தக் காலத்துப் படங்கள் இருக்குமே! கிறிஸ்துமஸ் நாடகம், பிள்ளைக் காம்பராவுக்கு (தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் இடம்) முன்னால் வரிசையாக நிற்கிற பிள்ளைகள், யாருடையதோ கல்யாணம். அவற்றைப் பெரிதாகப் பிரதி எடுத்து, பின்பக்கத்தில் தெரிந்த பெயர்களைப் பென்சிலால் எழுதிக் கொண்டு வாருங்கள். கலவரத்தில் எரிந்தது, மண்சரிவில் போனது, ஒழுகும் தகரத்துக்குக் கீழே ஊறிப்போனது என்று இங்கே பல வீடுகளில் அம்மாவின் முகமே படத்தில் இல்லை. ஐம்பது வயதுக்காரி ஒருத்தி, ஆறு வயதில் மூக்கொழுக நின்ற தன் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் எந்தப் பட்டுச் சேலையும் அதற்கு ஈடாகாது. ஞானஸ்நானம், பிறந்த நாள் குறித்த பழைய நோட்டு இருந்தால் அதையும் எடுத்துவரச் சொல்லுங்கள். ஒரே ஆளுக்கு ஒவ்வொரு காகிதத்தில் ஒவ்வொரு பெயர் இருக்கும் சங்கடம் இங்கே தீரவே இல்லை.

வரும் நாள் முக்கியம். வேலை நாள் காலையில் போய் நிற்காதீர்கள். உங்களை உபசரிக்க ஒரு பெண் வேலைக்குப் போகாமல் நின்றால் அவளுக்கு அன்றைக்குப் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போச்சு. அரை நாள் நின்றால் அரைப் பேர். நாள் சம்பளம் 1,000 ரூபாயைத் தொட்டதே 2021-இல்தான். இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறது, விலைவாசி அதைவிடக் கூடியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், இல்லையென்றால் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வீடு திரும்பும் சாயந்தரத்தில். தோட்டம் இப்போது கம்பெனி நடத்தும் இடம், வாச்சர் மறிப்பார். தோட்டத் தலைவர் மூலமாகவோ கோயில் கமிட்டி மூலமாகவோ ஆபீசுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஜனவரி, பெப்ரவரி நல்லது. மே மாதத்துக்குப் பிறகு மழையும் அட்டையும். 2025 நவம்பர் புயலில் ரோடும் ரயில் பாதையும் பல இடங்களில் சரிந்தன, எது திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இரவு லயத்தில் தங்காதீர்கள். கட்டாயம் வற்புறுத்துவார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் கட்டிலை உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் அடுப்படியில் சுருண்டு படுப்பார்கள். ஹட்டனில் அறை எடுங்கள். ஆனால் ஒரு வேளை சாப்பாட்டை மட்டும் மறுக்கக் கூடாது. சர்க்கரை வியாதி இருந்தால் முதலிலேயே “சீனி இல்லாமல் சாயம் போதும்” என்று சொல்லிவிடுங்கள் (சாயம் என்றால் பால் விடாத தேநீர்), அவர்கள் வீட்டுப் பால்மா (பால் பவுடர்) டின்னும் தப்பிக்கும்.

ஐயாவுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால்தான் கேட்பார். ஒன்று, “ஐயா, ரெண்டு வார்த்தை பேசுங்க” என்று சபையில் கேட்பார்கள். சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் பண்ணுவது குடிவரவு விதிக்கு முரண். வணக்கம் சொல்லி உட்கார்ந்துவிடட்டும். பழைய ஆட்களில் சிலர் வேறு சபைக்குப் போயிருப்பார்கள், சிலர் மாரியம்மன் திருவிழாவில் கரகம் தூக்குவார்கள். அதைக் கணக்கெடுக்கவா இவ்வளவு தூரம் வருகிறார்? தோட்டத்தில் பெரும்பாலோர் அன்றைக்கும் கோயில் சனங்கள்தான். அவர்கள் வீட்டுக்கும் போய் உட்காரட்டும்.

இரண்டாவது, அந்தச் சொல்லிக்கொள்ளாமல் வந்த கதை. கலவரம் வந்ததும் அவருக்குத் திரும்பிப் போக ஒரு ஊர் இருந்தது. அவர்களில் பலருக்கு அப்போது எந்த நாட்டிலும் குடியுரிமையே இல்லை. மன்னிப்பு கேட்கத் தோன்றினால் ஒரு தடவை, நேராக, சின்னதாகக் கேட்கட்டும். அவர் உடைந்து அழுதால் வீட்டுக்காரர்கள் எழுந்து அவரைத் தேற்ற வேண்டியதாகிவிடும். 83-ஐப் பற்றி அவராகக் கிளற வேண்டாம். அவர்களாகப் பேசினால் குறுக்கே பேசாமல் கேட்கட்டும்.

நீங்கள் என்ன செய்வது என்றா கேட்டீர்கள்? உங்களுக்குத்தான் அங்கே வேலை அதிகம். ஆண்கள் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து பழங்கதை பேசுவார்கள். நீங்கள் அடுப்படிக்குப் போய் வெங்காயத்தை உரிக்கத் தொடங்குங்கள். ஐயா இளவட்டமாக இருந்தபோது எப்படி இருந்தார், யார் வீட்டு ரொட்டிக்கு ஆசைப்பட்டு எந்த நேரத்தில் வருவார் என்பதெல்லாம் கிழவிகள் உங்களிடம்தான் சொல்வார்கள். அவரைப் பற்றி அவரே சொல்லாத ஐந்து வருஷம் அங்கே இருக்கிறது.

எந்தத் தோட்டம் என்று நீங்கள் எழுதவில்லை. பெயரையும் டிவிசனையும் எழுதி அனுப்புங்கள், அந்தப் பக்கத்து ஆட்களிடம் விசாரித்து வைக்கிறேன்.