1924 தேர்தலில் உங்கள் நாயகி வாக்களிக்க முடியுமா?

உங்கள் கதையில், இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலையில் வேலை பார்க்கும் 24 வயதுப் பெண் 1924 தேர்தலில் வாக்களிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது நடந்திருக்க வழியில்லை. பிரிட்டனின் 1918 வாக்குரிமைச் சட்டம் 30 வயது நிரம்பிய பெண்களுக்கே வாக்குரிமை தந்தது. அதிலும் பெரும்பாலும் அவரோ கணவரோ உள்ளாட்சி வாக்காளராக இருக்க வேண்டும். ஆண்களுக்கு 21 வயதே போதும். போர்க்காலத்தில் குண்டுகளில் வெடிமருந்து நிரப்பித் தோல் மஞ்சளாகிப்போன இளம்பெண்களையே அந்தச் சட்டம் வெளியே நிறுத்தியது. மன்னிக்க முடியாத அநியாயம்! இருபாலருக்கும் 21 என்றானது 1928இல்தான். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் பெண்கள் வாக்குரிமைப் போராட்டத் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் இறந்தார்.

1924 காட்சி வேண்டுமென்றால் 22 வயதுத் தம்பியை வாக்களிக்க வையுங்கள், அவள் கொதிக்கட்டும். இல்லையேல் 1929 மே 30 தேர்தலுக்கு மாற்றுங்கள்; அப்போதும் அவளுக்கு முப்பது ஆகியிருக்காது.