வைஃபை கார்டு கெடவில்லை, ஃபர்ம்வேர்தான் இல்லை

கேள்வி: 2009-இல் வாங்கிய லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு டெபியன் 12 லினக்ஸ் போட்டேன். எல்லாம் நன்றாக ஓடுகிறது, வைஃபை மட்டும் காணவே காணோம். கார்டு பிராட்காம் பிசிஎம்4312. எங்கெங்கோ படித்து நாலைந்து டிரைவர் போட்டுப் பார்த்துவிட்டேன். கார்டு போய்விட்டதா? யுஎஸ்பி வைஃபை ஒன்று வாங்கிவிடட்டுமா?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். விண்டோஸில் கடைசி வரை வேலை செய்த கார்டு என்றால் அது பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். இந்தக் கார்டுக்கான பி43 டிரைவர் பல வருடங்களாகவே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கிறது, நீங்கள் தேடி அலைய வேண்டியதே இல்லை. இல்லாதது ஃபர்ம்வேர். கார்டுக்குள் ஒரு குட்டி பிராசசர் இருக்கிறது, அதில் ஓடவேண்டிய நிரல்தான் ஃபர்ம்வேர், அதை கார்டு தனக்குள் வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு முறையும் டிரைவர்தான் ஏற்றிவிட வேண்டும். அந்தக் கோப்பை மற்றவர்கள் விநியோகிக்க பிராட்காம் அனுமதி தரவில்லை, அதனால்தான் பல கார்டுகளுக்கு ஃபர்ம்வேரைச் சேர்த்தே தரும் டெபியன் 12-லும் இது மட்டும் வருவதில்லை. காசு கொடுத்து வாங்கிய கார்டுக்கு இந்த நிலைமை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

முதல் வேலையாக, நீங்கள் போட்டுப் பார்த்த டிரைவர்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். குறிப்பாக பிராட்காமின் சொந்த டிரைவரான பிராட்காம்-எஸ்டிஏ இருந்தால் அது பி43-ஐ பிளாக்லிஸ்ட் செய்துவிடும், அப்புறம் என்ன செய்தாலும் பி43 ஏறாது. அந்தப் பொதியை (பேக்கேஜை) நீக்கியபின், டிரைவர் அமைப்புகள் இருக்கும் மாட்ப்ரோப்.டி கோப்புறையில் பிளாக்லிஸ்ட் வரி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான். விண்டோஸ் டிரைவரையே லினக்ஸில் ஓட்டும் என்டிஐஎஸ்ராப்பர் பற்றிப் பழைய குறிப்புகளில் படித்திருப்பீர்கள், அதுவும் வேண்டாம்.

அடுத்து, டெபியனின் பொதிக் களஞ்சியத்தில் கான்ட்ரிப் என்ற பகுதியை இயக்கிவிட்டு ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர் பொதியை நிறுவுங்கள். இது பிராட்காமின் டிரைவரை நெட்டிலிருந்து இறக்கி, அதற்குள்ளிருந்து ஃபர்ம்வேரை வெட்டி எடுத்து வைக்கும். ஆக, வைஃபை வர நெட் வேண்டும், நெட்டுக்கோ வைஃபை வேண்டும்! லேன் கேபிள் இருந்தால் சரி, இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் செருகி, போனின் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் டெதரிங்கைப் போடுங்கள், பொதுவாகத் தனி டிரைவர் எதுவும் தேவைப்படாது.

ரீபூட் செய்தபின், வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று கட்டளை கொடுங்கள். சாஃப்ட் பிளாக்டு 'எஸ்' என்றால் ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை போதும். ஹார்டு பிளாக்டு 'எஸ்' என்றால் லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் சுவிட்ச்சையோ கீபோர்டில் உள்ள வைஃபை விசையையோ கையால்தான் போடவேண்டும், எந்தக் கட்டளைக்கும் அது மசியாது. அதன்பிறகும் வரவில்லை என்றால் டிமெசேஜ் கட்டளை காட்டும் கெர்னல் செய்திகளில் பி43 என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். 'லோடிங் ஃபர்ம்வேர் வெர்ஷன்' என்று இருந்தால் ஃபர்ம்வேர் ஏறிவிட்டது. கோப்பு கிடைக்கவில்லை என்றே இன்னும் சொன்னால், அந்தப் பொதியை நெட் இணைப்போடு மறுபடி நிறுவுங்கள்.