கிண்டலோடுதான் பழசைத் தொட வேண்டுமா?

கேள்வி: "பழைய கலையை இனி நேராகக் கொண்டாட முடியாது, கொஞ்சம் கிண்டலோடுதான் தொட முடியும் என்று பின்நவீனத்துவம் பேசுகிறவர்கள் சொல்கிறார்களே, நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா?" - திண்டுக்கல் வாசகர் ஒருவர்

பதில்: முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். பின்நவீனத்துவம் என்பது, நவீனத்துவம் ஒதுக்கிவைத்த பழைய வடிவங்களை விளையாட்டாகக் கலந்து திரும்பக் கொண்டுவந்த போக்கு. கட்டடக்கலை வகுப்பில் இந்தப் பேச்சு வந்தால் நான் காட்டுவது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் இருக்கும் 'பியாஸ்ஸா டி இத்தாலியா'வைத்தான். அந்த ஊர் இத்தாலியர்களுக்காக கட்டடக்கலைஞர் சார்லஸ் மூர் அந்தப் பாணியில் வடிவமைத்த சதுக்கம். 1978-ல் கட்டி முடித்தார்கள். ரோமானியத் தூண்கள், வளைவுகள் எல்லாம் உண்டு. ஆனால் தூண்களின் உச்சி எவர்சில்வர் மாதிரிப் பளபளக்கும், ராத்திரியானால் நியான் விளக்கு எரியும். மூரின் முகத்தையே சுவரில் பதித்து, வாயிலிருந்து தண்ணீர் கொட்டவிட்டிருக்கிறார்கள். படத்தைப் போட்டதும் மாணவர்கள் சிரித்துவிடுவார்கள்.

சிரிக்கட்டும். அப்புறம் தரையைப் பார்க்கச் சொல்வேன். நீரூற்றுக்குள் இத்தாலியின் வரைபடம் கிடக்கிறது. தரையில் போட்ட வட்டங்கள் சிசிலித் தீவை மையமாக வைத்து விரிகின்றன. ஏன் ரோம் இல்லை? நியூ ஆர்லியன்ஸுக்குக் கப்பலேறி வந்த இத்தாலியர்களில் பெரும்பாலோர் சிசிலிக்காரர்கள். வெறும் கிண்டல் என்றால் இவ்வளவு அக்கறை எதற்கு? மூருக்கு அந்தத் தூண்கள் மேல் உண்மையான ஆசை இருந்தது என்றே நம்புகிறேன்.

ஆனால் அந்த விளையாட்டு எட்டாத இடமும் உண்டு. 1891 மார்ச்சில் அதே ஊரில், போலீஸ் தலைவர் கொலை வழக்கில் பிடிபட்டிருந்த 11 இத்தாலியர்களை ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து கொன்றது. அவர்களில் சிலர் நீதிமன்றம் விடுவித்தவர்கள். இதை நியான் விளக்கில் சொல்ல முடியுமா? நேரான வார்த்தைதான் வேண்டியிருந்தது. 2019-ல் மேயர் லடோயா கான்ட்ரெல் முறைப்படி மன்னிப்புக் கேட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சிசிலி வம்சாவளியினர் ஒவ்வொரு மார்ச் 19-லும் சூசையப்பர் திருநாள் கொண்டாடுகிறார்கள். வீட்டிலும் கோயிலிலும் பீடம் அலங்கரித்து, விதவிதமான உருவங்களில் சுட்ட ரொட்டியும் பலகாரமும் அடுக்கி, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். கிளம்பும்போது கையில் ஒரு காய்ந்த ஃபாவா மொச்சை. பஞ்சகாலத்தில் சிசிலியைக் காப்பாற்றிய பயறு என்பது நம்பிக்கை. பர்ஸில் வைத்துக்கொண்டால் காசு தீராதாம். இதில் கிண்டல் துளியும் கிடையாது.