சோர்பியருக்கு ஒரு நாடு கிடைத்திருந்தால்? – கேள்வி பதில்

சோர்பியர் என்றால் செர்பியரா?

இல்லை. தங்களை 'செர்ப்யா' என்று சொல்லிக்கொள்வதால் வரும் குழப்பம் இது. கிழக்கு ஜெர்மனியில், சாக்சனி, பிராண்டன்பர்க் மாநிலங்களில் பரவிக் கிடக்கும் லுசாட்டியா பகுதியின் ஸ்லாவிய மக்கள் இவர்கள். சுமார் 60,000 பேர் என்பார்கள்.

சார், என் கற்பனை வரலாற்றுக் கதையில், முதல் உலகப்போர் முடிந்து நடந்த 1919 பாரிஸ் அமைதி மாநாட்டிலேயே இவர்களுக்கு நாடு கிடைத்துவிடுகிறது. நம்புவார்களா?

நம்ப மாட்டார்கள். முயற்சி நடந்தது உண்மை. 1918 நவம்பரில் சோர்பிய தேசியக் குழு உருவானது. அதன் தலைவர் அர்னோஷ்ட் பார்ட், செக்கோஸ்லோவாக்கியக் குழுவோடு பாரிஸுக்கே போனார். வெறுங்கையோடு திரும்பியவருக்கு ஜெர்மனியில் காத்திருந்தது தேசத்துரோக வழக்கும் சிறையும்தான்.

வரைபடத்தைப் பாருங்கள், காரணம் புரியும். சோர்பிய ஊர்களுக்கும் செக் எல்லைக்கும் நடுவே ஜெர்மன் பேசும் மலையூர்கள். அந்தப் புதிய நாடு நாலாபக்கமும் ஜெர்மானியர் சூழ்ந்த தீவாக இருந்திருக்கும். போதாததற்கு, 1815 வியன்னா மாநாட்டில் லுசாட்டியாவின் பெரும்பகுதி பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசுக்குப் போய், மிச்சம் சாக்சனியிடம் நின்றது. ஒரே மக்கள், இரண்டு அரசுகள்.

அப்போ வரலாற்றை எங்கே திருப்புவது?

என்னைக் கேட்டால் 1635. அதுவரை லுசாட்டியா பொஹீமிய (இன்றைய செக்) மகுடத்தின் நிலம். முப்பதாண்டுப் போரில் பொஹீமிய அரசராகவும் இருந்த பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டுக்குச் சாக்சனி உதவியது. அந்தச் செலவுக்கு ஈடாகப் பேரரசர் லுசாட்டியாவைச் சாக்சனியிடம் அடகு வைத்தார். நம்மூர் நகைக்கடன் கதைதான்: மீட்கவில்லை, பிராக் ஒப்பந்தத்தில் அடகு மூழ்கிவிட்டது.

மீட்டிருந்தால்? 1918-ல் யாரிடமும் கெஞ்சாமல் லுசாட்டியா செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் வந்திருக்கலாம். 1993-ல் செக்கும் ஸ்லோவாக்கியாவும் பிரிந்தபோது மூன்றாவது நாடாக நின்றிருக்கலாம். இடையில் ஹிட்லர் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளைப் பறித்த 1938 இருக்கிறது, அவர் முதலில் கைவைக்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும். 1945-க்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியா ஜெர்மானியரை வெளியேற்றியது போல இங்கும் நடந்திருக்கும். அந்தப் பகுதியைப் பூசி மெழுகாமல் எழுதுங்கள்.

ஆட்சிமொழி?

முதல் சண்டையே அதில்தான். லுசாட்டியாவின் தெற்கே பவுட்சன் நகரப் பக்கம் மேல் சோர்பியம், அது செக் மொழிக்கு நெருக்கம். வடக்கே கோட்பஸ் நகரப் பக்கம் கீழ் சோர்பியம், அது போலிஷுக்கு நெருக்கம். இரண்டுக்கும் தனித்தனி எழுத்து வழக்கு உண்டு. சமஸ்கிருதம் போல ஒருமை, பன்மைக்கு நடுவே, இரண்டை மட்டும் குறிக்கும் இருமையும் இருக்கிறது. நமக்கு ஒருமை பன்மை மயக்கமே பெரும்பாடு!

நாட்டுக்கு வருமானம்?

பழுப்பு நிலக்கரி. அங்கேதான் உங்கள் கதைக்கான முடிச்சு. லுசாட்டியாவில் சுரங்கங்களுக்காக முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கப்பட்ட ஊர்கள் 130-க்கும் மேல். சோர்பியரின் வாழிடத்துக்குப் பாதுகாப்பு தரும் பிராண்டன்பர்க் அரசியல் சட்டம் வந்த பிறகும் ரோகோவ் என்ற ஊர் தப்பவில்லை. இதைச் செய்தது ஜெர்மன் அரசுகள். சொந்த நாடு இருந்து, கஜானாவும் காலியாக இருந்தால், பவுட்சனில் உட்கார்ந்திருக்கும் சோர்பிய அமைச்சர் அதே கோப்பில் கையெழுத்துப் போடுவாரா? நான் எழுதினால் போட வைப்பேன்.

கொடி எப்படி இருக்கும்?

கற்பனையே வேண்டாம். நீலம், சிவப்பு, வெள்ளை. இப்போதும் அங்கே பறக்கிறது.