பிரைமுக்குக் கட்டும் 1,499 ரூபாய் வசூலாகிறதா?

கேள்வி: அமேசான் பிரைமுக்கு வருடா வருடம் 1,499 ரூபாய் கட்டுகிறோம். மகனுடைய கார்டிலிருந்து தானாகவே போய்விடுகிறது. மாதம் மூன்று, நான்கு பொருள் வாங்குவேன். படம் பார்ப்பது எப்போதாவதுதான். கட்டிய காசுக்கு முழுப் பலனை எடுப்பது எப்படி? கட்டுப்படியாகாது என்றால் எப்படி நிறுத்துவது? (வாசகி, தென்காசி)

பதில்: பிரைமில் என்னென்ன வசதி இருக்கிறது என்ற பட்டியலை முதலில் மறந்துவிடுங்கள். பட்டியல் எப்போதும் நீளமாகத்தான் இருக்கும். பிரைம் இல்லாவிட்டால் உங்கள் கையிலிருந்து கூடுதலாக எவ்வளவு போயிருக்கும்? அந்தத் தொகை மட்டும்தான் உங்கள் லாபம்.

டெலிவரியிலிருந்து தொடங்குவோம். பிரைம் இல்லாதவர்களுக்கும், அமேசான் தானே அனுப்பும் பொருள்களை 499 ரூபாய்க்கு மேல் வாங்கினால் பொதுவாக டெலிவரி இலவசம். அதற்குக் கீழே போனால் 40 ரூபாய் அளவில் கட்டணம். ஆகவே 2,000 ரூபாய் மிக்ஸி ஜார் வாங்கும்போது பிரைமால் டெலிவரிச் செலவு ஒரு பைசாகூட மிச்சமாவதில்லை. மிச்சமாவது 150 ரூபாய் செல்போன் கவர், 220 ரூபாய் குக்கர் காஸ்கெட் போன்ற சில்லறை ஆர்டர்களில்தான். அவற்றிலும், நான்கு நாள் பொறுத்து இன்னொரு பொருளோடு சேர்த்து வாங்கியிருக்கலாம் என்றால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

செயலியில் உங்கள் ஆர்டர்கள் பகுதிக்குப் போய், கடந்த ஓராண்டில் 499 ரூபாய்க்குக் கீழே வாங்கியவற்றை எண்ணுங்கள். மாதம் நான்கு என்றால் ஆண்டுக்கு 48 ஆர்டர். அதில் பாதி சில்லறை என்று வைத்தால் 24 பெருக்கல் 40, அதாவது 960 ரூபாய். டெலிவரியை மட்டும் நம்பி 1,499 ரூபாயை எடுக்க வேண்டுமானால் இப்படி 38 ஆர்டர் வேண்டும். உங்கள் விஷயத்தில் அது நடக்காது. வேகம் வேறு விஷயம். ஆனால் அது உங்கள் பின்கோடையும் பொருளையும் பொறுத்தது. சென்னையில் இன்றே வரும் பொருள் தென்காசியிலும் இன்றே வரும் என்று எண்ண வேண்டாம். பொருள் பக்கத்தில் உங்கள் பின்கோடைக் கொடுத்து, தேதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி படம். 1,499 ரூபாய்த் திட்டத்தை நியாயப்படுத்துவது உண்மையில் இதுதான். அதிலும் 2025 ஜூன் முதல் விளம்பரம் வருகிறது. வேண்டாமென்றால் ஆண்டுக்கு 699 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும். வாடகைக்குக் காட்டும் புதுப் படங்களும், உள்ளே இருக்கும் பிற சேனல்களும் பிரைமில் அடங்காது. ரிமோட்டைக் குழந்தைகள் கையில் கொடுக்கும் வீடுகளில் வாங்குவதற்கு ஒரு பின் எண் வைத்துவிடுவது நல்லது.

எப்போதாவது படம் பார்ப்பவர் ஆண்டு முழுக்க ஏன் கட்ட வேண்டும்? மாதச் சந்தா 299 ரூபாய். கோடை விடுமுறைக்கு ஒரு மாதம், தீபாவளி விற்பனைக்கு ஒரு மாதம் என்று எடுத்தால் 598 ரூபாயோடு முடிந்தது. ஐந்து மாதம் எடுத்தால்தான் 1,495 ஆகி ஆண்டுச் சந்தாவைத் தொடுகிறது. திருவிழா விற்பனையில் பிரைம்காரர்களுக்கு முன்கூட்டியே கதவு திறப்பார்கள். டிவி, செல்போன் மாதிரிப் பெரிய பொருள் வாங்கும் திட்டம் இருந்தால் மட்டும் அந்த மாதத்துக்கு எடுங்கள். மற்றபடி அது வாங்க வைக்கும் ஏற்பாடு.

இரண்டு மலிவான வகைகளும் உண்டு. பிரைம் லைட் ஆண்டுக்கு 799 ரூபாய்; படம் உண்டு, ஆனால் ஒரு சாதனத்தில் மட்டும், தரமும் குறைவு. ஷாப்பிங் எடிஷன் 399 ரூபாய். படம் கிடையாது, டெலிவரி வசதிதான். பத்து சில்லறை ஆர்டரில் இந்த 399 வசூலாகிவிடும். உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் சேரும் அன்று பிரைம் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் வீட்டில் எல்லோருடைய ரீசார்ஜ் பிளானையும் பாருங்கள். செல்போன் நிறுவனங்களின் சில பிளான்களில் பிரைமோ பிரைம் லைட்டோ சேர்ந்தே வருகிறது. அதைச் செயல்படுத்தாமலே விட்டுவிட்டு, தனியாக இன்னொரு முறை காசு கட்டும் வீடுகள் நிறைய.

மகன் அமேசான் பே ஐசிஐசிஐ கார்டு வைத்திருக்கிறாரா? அதில் பிரைம்காரருக்கு 5 சதவீதம், மற்றவருக்கு 3 சதவீதம் திரும்பக் கிடைக்கும். வித்தியாசம் 2 சதவீதம்தான். அதை வைத்து மட்டும் 1,499 ரூபாயை எடுக்க ஆண்டுக்கு ஏறக்குறைய 75,000 ரூபாய்க்கு அமேசானில் வாங்க வேண்டும்!

இந்த ஆண்டுக்குத்தான் கட்டியாகிவிட்டதே, மீதி நாளில் என்ன எடுக்கலாம்? ஊரில் இருக்கும் அம்மா, அக்கா முகவரிகளை உங்கள் கணக்கில் சேர்த்து, அவர்களுக்குத் தேவையானதை நீங்களே ஆர்டர் போடலாம். இலவச டெலிவரி அங்கேயும் செல்லும். பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள், கார்டும் கூடவே போகும். வாசிக்கிறவர் என்றால் பிரைமோடு சேர்ந்து வரும் மின்னூல் வசதியான பிரைம் ரீடிங்கைத் திறந்து பாருங்கள். கிண்டில் கருவி தேவையில்லை, செல்போன் செயலி போதும், தமிழ்ப் புத்தகமும் உண்டு. ஆனால் கிண்டில் அன்லிமிடெட் என்று போட்டிருந்தால் அது வேறு சந்தா. இன்னொன்று: பிரைம் முத்திரை இருப்பதால் விலை குறைவு என்று பொருளல்ல. அதே பொருளை அதே பக்கத்தில் வேறு விற்பனையாளர் குறைத்துத் தரலாம். தெருமுனைக் கடையிலும் விசாரியுங்கள்.

நிறுத்துவதற்குச் செயலியில் பிரைம் உறுப்பினர் பகுதிக்குப் போங்கள். பின்னர் நினைவூட்டு, இன்னும் யோசி என்றெல்லாம் பட்டன்கள் வரும். கடைசியாக உறுதிசெய்யும் பக்கம்வரை போனால்தான் ரத்தாகும். இப்போதே புதுப்பித்தலை நிறுத்தினாலும், கட்டிய காலம் முடியும்வரை வசதிகள் தொடரும். எனவே கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் அந்த எஸ்எம்எஸ் மகன் எண்ணுக்குத்தான் போகும், அவர் பார்த்திருக்க மாட்டார். யுபிஐ மூலம் போகிறதென்றால் அந்தச் செயலியில் ஆட்டோபே பகுதியிலேயே ரத்து செய்யலாம்.

சேர்வதை எளிதாக்கி விலகுவதைச் சிக்கலாக்குவது வெறும் எரிச்சல் அல்ல, சட்டப் பிரச்சினையும்கூட. இதே பிரைம் விஷயத்தில் அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி தொடுத்த வழக்கை முடிக்க, 2025 செப்டம்பரில் அமேசான் 250 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இந்தியாவிலும் 2023 நவம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் சந்தாப் பொறியைத் தடைசெய்கின்றன. எந்த நிறுவனத்தின் சந்தாவானாலும், ரத்து செய்த பிறகும் பணம் எடுத்தால், ரத்தான பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள்.