லிங்க் அறுந்தால் பாக்கெட் எங்கே போகும்? ரவுட்டிங் கேள்வி பதில்

பெரிய நெட்வொர்க்குகளில் ரவுட்டிங் வேலை பார்ப்பவன் நான். லிங்க் அறுந்த கணமே போக்குவரத்தை வேறு வழிக்குத் திருப்பும் 'ஃபாஸ்ட் ரீரவுட்' பற்றி வந்த கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

சார், நான் மூன்றாம் ஆண்டு மாணவி. ஒரு வழி போனால், ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பேசிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை தானாகவே இன்னொரு வழியைக் கண்டுபிடிக்கும் என்றுதான் படித்தேன். அப்புறம் எதற்கு இது தனியாக?

கண்டுபிடிக்கும். எவ்வளவு நேரத்தில் என்பதுதான் விஷயம். லிங்க் போனது முதலில் தெரிய வேண்டும். அதை எல்லா ரவுட்டர்களுக்கும் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் வழிகளைப் புதிதாகக் கணக்கிட்டு, முடிவை லைன் கார்டின் (போர்ட்டுகள் இருக்கும் பலகை) ஃபார்வர்டிங் டேபிளில், அதாவது எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்ற பட்டியலில், எழுத வேண்டும். ஹலோ பாக்கெட்டை மட்டும் நம்பியிருந்தால் முதல் படிக்கே 40 விநாடி போய்விடும்: 10 விநாடிக்கு ஒரு ஹலோ, 40 விநாடி சத்தமில்லை என்றால் பக்கத்து ரவுட்டர் இல்லை என்று கணக்கு. இன்றைய சிபியூவுக்குக் கணக்கீடு ஒரு சுமையே இல்லை. ஆயிரக்கணக்கான முகவரிகளை டேபிளில் மாற்றி எழுதுவதுதான் இழுக்கும்.

ஃபாஸ்ட் ரீரவுட்டில் கணக்கை வேகமாகப் போடுவதில்லை, முன்னாலேயே போட்டு வைக்கிறோம். முதன்மை வழிக்குப் பக்கத்திலேயே மாற்று வழியும் டேபிளில் எழுதியிருக்கும். லிங்க் அறுந்ததும் அதன் கரையில் இருக்கும் ரவுட்டர் யாரையும் கேட்காமல் அதற்கு மாறிவிடும். ஊருக்கெல்லாம் சொல்லும் வேலை பின்னால் நிதானமாக நடக்கட்டும்.

எல்லோரும் 50 மில்லிவிநாடிக்குள் மாற வேண்டும் என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

சோனெட், எஸ்டிஎச் என்ற பழைய ஃபைபர் தொழில்நுட்ப வளையங்களின் பாதுகாப்பு மாற்றத்துக்கு வைத்த இலக்கு அது. தொலைபேசிக் காலத்துச் சொத்து. பல டேட்டா பயன்பாடுகளுக்கு 200 மில்லிவிநாடி போனாலும் பெரிதாகத் தெரியாது. ஆனாலும் சும்மா இல்லை: நிரம்பி ஓடும் 10 ஜிகாபிட் லிங்க்கில் 50 மில்லிவிநாடி என்றால் 62.5 மெகாபைட், அதாவது 1500 பைட் பாக்கெட்டுகள் நாற்பதாயிரத்துக்கும் மேல்.

மாற்று வழிக்காகப் பக்கத்து ரவுட்டரிடம் தள்ளுகிறோம் சரி. அது பாக்கெட்டை நம்மிடமே திருப்பி அனுப்பாது என்று எப்படித் தெரியும்?

மொத்தச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. லிங்க் அறுந்தது அந்தப் பக்கத்து ரவுட்டருக்கு இன்னும் தெரியாது, பழைய வழியிலேயே அனுப்பும். அந்தப் பழைய வழி நம்மைத் தொடக்கூடாது. 2008இல் வந்த ஆர்எஃப்சி 5286 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளின் ஆவணத் தொடர்) இதற்கு ஒரு அடிப்படை நிபந்தனை வைக்கிறது: பக்கத்து ரவுட்டரிலிருந்து இலக்குக்கு உள்ள தூரம், அது நம்மிடம் வந்து நாம் இலக்குக்குப் போகும் மொத்தத் தூரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சுழலில் சிக்காத இந்த மாற்று வழிக்கு எல்எஃப்ஏ என்று பெயர்.

க, ச, ட என்று மூன்று ரவுட்டர்கள் முக்கோணமாக, ஒவ்வொரு லிங்க்கின் தூரமும் 1 என்று வையுங்கள். நாம் க, இலக்கு ச. க-ச அறுந்தது. ட-விலிருந்து ச-வுக்கு 1. க வழியாகச் சுற்றினால் 2. ட நம்பகமானது. இப்போது த-வைச் சேர்த்து க-ச-ட-த என்று சதுரமாக்குங்கள். த-விலிருந்து ச-வுக்கு ட வழியாகவும் 2, க வழியாகவும் 2. குறைவில்லை, சமம். த இரண்டு வழியிலும் பகிர்ந்து அனுப்பினால் பாதி க-வுக்கே திரும்பி வரும். அதனால் எல்எஃப்ஏ இல்லை. ஒரு ரவுட்டர் கூடியதற்கே இந்தக் கதி.

அண்ணே, எங்கள் நெட்வொர்க் முழுக்க வளையம்தான். அப்போ எங்களுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லை என்றால் தள்ளி இருப்பவரைப் பிடிக்க வேண்டியதுதான். க-ச-ட-த-ப என்று ஐந்து பேர் கொண்ட வளையம், க-ச அறுந்தது. க-விலிருந்து அறுந்த லிங்க்கைத் தொடாமல் எட்டக்கூடியவை ப, த. அந்த லிங்க்கைத் தொடாமல் ச-வை எட்டக்கூடியவை ட, த. இரண்டிலும் இருப்பது த. க தன் பாக்கெட்டுகளை த வரை டனலில் (த-வின் முகவரியிட்ட இன்னொரு உறைக்குள் போட்டு) அனுப்பினால் போதும், அங்கிருந்து அவை தாமாகவே ச-வுக்குப் போய்விடும். 2015இல் ஆர்எஃப்சி 7490 ஆக வந்த ரிமோட் எல்எஃப்ஏ இதுதான்.

இதிலும் பொது ரவுட்டர் அமையாத வடிவங்கள் உண்டு. செக்மென்ட் ரவுட்டிங் ஓடுகிறது என்றால் அதன் மேல் இயங்கும் டிஐ-எல்எஃப்ஏ என்ற வகையைப் போடுங்கள். போக வேண்டிய பாதையையே பாக்கெட்டின் தலையில் எழுதிவிடுவதால், மாற்றுப் பாதை என்று ஒன்று இருந்தால் போதும், வடிவம் பிரச்சினையில்லை. புதிதாகக் கட்டுபவர்களுக்கு நான் வேறு எதையும் சொல்வதில்லை.

பக்கத்து ரவுட்டர் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி சிறு பாக்கெட் அனுப்பிப் பார்க்கும் பிஎஃப்டியை 10 மில்லிவிநாடிக்கு ஒன்று, மூன்று தவறினால் டவுன் என்று வைக்கலாமா?

கருவி ஹார்டுவேரிலேயே பிஎஃப்டியைப் பார்த்துக்கொள்கிறதா என்று முதலில் பாருங்கள். சிபியூவில் ஓடினால், சிபியூ கொஞ்சம் திணறும்போதெல்லாம் நல்ல லிங்க்கும் டவுன் ஆகும். நேரடி ஃபைபர் என்றால் ஒளி நின்றதுமே இன்டர்ஃபேஸ் சொல்லிவிடும். நடுவில் ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கும் இடங்களில்தான் பிஎஃப்டி சோறு போடும். அங்கே நான் 50, மூன்று என்று தொடங்குவேன்.

மாற்று வழிக்கு உடனே மாறியது, கிராஃபில் தெரிகிறது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பாக்கெட் இழப்பு. ஏன்?

மைக்ரோலூப், அதாவது கொஞ்ச நேரச் சுழல். அதே ஐவர் வளையத்தைப் பாருங்கள். க புதிய கணக்கை முடித்துவிட்டு, டனலை விட்டு, ச-வுக்கான பாக்கெட்டை ப-விடம் சாதாரணமாகக் கொடுக்கிறது. ப இன்னும் பழைய கணக்கில் இருக்கிறது. அதற்கு ச-வுக்கு வழி க வழியாகத்தான். திருப்பிக் கொடுக்கிறது. டிடிஎல் (இன்னும் எத்தனை ரவுட்டர்களைக் கடக்கலாம் என்று பாக்கெட்டில் உள்ள எண்) தீரும் வரை அந்த ஒரு பாக்கெட் அதே லிங்க்கில் பல பத்துத் தடவை பந்தாடப்படும். சம்பந்தமே இல்லாத போக்குவரத்தும் அதில் நசுங்கும்.

மருந்து எளிது: க அவசரப்படாமல், மற்றவர்கள் மாறும் வரை டனலிலேயே இருக்கட்டும். ஆர்எஃப்சி 8333 இந்தத் தாமதத்தைத்தான் சொல்கிறது. ஆனால் அது லிங்க் போகும்போது மட்டும். திரும்பி வரும்போது உதவாது. பலர் இதைக் கவனிக்காமல், பழுது சரியான பிறகு வரும் இழப்புக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு லிங்க் வாங்கியும் ஒரே நேரத்தில் இரண்டும் போயின. எதை மாற்ற வேண்டும்?

கான்ஃபிகரேஷனை அல்ல. நானும் இதில் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வரைபடத்தில் இரண்டு தனித்தனி கோடுகள். மண்ணுக்கடியில் இரண்டு ஃபைபரும் ஒரே குழாயில். தோண்டும் இயந்திரம் ஒரே கடியில் இரண்டையும் எடுத்துவிட்டது. ரவுட்டர் கணக்குப்படி அந்த மாற்று வழி சரியானதுதான். குழாயைப் பற்றி அதற்கு யாரும் சொல்லவில்லை.

சொல்வதற்கு வசதி இருக்கிறது: ஒரே ஆபத்தைப் பகிரும் லிங்க்குகளுக்கு ஒரே எஸ்ஆர்எல்ஜி (ஆபத்தைப் பகிரும் லிங்க் குழு) எண் கொடுத்தால், ரவுட்டர் அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாக எடுக்காது. எண் கொடுக்க ஃபைபர் போகும் பாதை தெரிய வேண்டும், அதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஃபைபர் பின்னால் இடம் மாற்றப்படுவதும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி கேளுங்கள்.

லிங்க் விட்டு விட்டு வந்தால்?

திரும்பி வந்ததும் சேர்க்காதீர்கள். சில நிமிடம் நிலையாக நிற்கட்டும். போகும்போது வேகம், வரும்போது நிதானம்.

கடைசியாக, இதெல்லாம் வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

இன்டர்ஃபேஸை 'ஷட்' செய்து பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் அதிகம். ஷட் செய்தால் ரவுட்டருக்கு முன்பே தெரியும், அது உண்மையான பழுது இல்லை. போக்குவரத்து குறைந்த நேரத்தில், சொல்லிவிட்டு, கேபிளையே பிடுங்குங்கள். விநாடிக்கு ஆயிரம் பாக்கெட் சீராக அனுப்பிக்கொண்டிருந்தால், தொலைந்த ஒவ்வொன்றும் ஒரு மில்லிவிநாடி. அப்புறம் இன்னொரு சோதனை: ஃபைபர் ஜோடியில் ஒரு இழையை மட்டும் பிடுங்குங்கள். ஒரு பக்கம் டவுன், மறுபக்கம் எல்லாம் நலம் என்று பாக்கெட்டை அனுப்பிக்கொண்டே இருக்கிறதா பாருங்கள். எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தோற்பது இதில்தான்.