பாதிக் காசு: உடைந்ததல்ல, வெட்டியது

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வயலில் கிடைத்த அரை வெள்ளிக்காசு உடைந்ததா, அரசிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் படத்தைப் பாருங்கள், விளிம்பு காசில் பொறித்த சிலுவைக் கோட்டின் மேலேயே நேராகப் போகிறது. வேண்டுமென்றே வெட்டியதுதான். சிலுவை ஓரம் வரை நீள்வதால், 1247-இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி கொண்டுவந்த பென்னி என்னும் வெள்ளிக்காசு வகை. சில்லறைக்காக அதைப் பாதியாக, காலாக நறுக்கினார்கள். 1279-க்குப் பிறகு வட்டமான அரைப் பென்னி வந்ததும் அந்தப் பழக்கம் தேய்ந்துபோனது.

ஒற்றைக் காசு பொதுவாகப் புதையல் சட்டத்துக்குள் வராது. கூடவே இன்னொன்று கிடைத்தால் கதை வேறு: 14 நாளுக்குள் கொரோனருக்கு (புதையலா என்று விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். எப்படியும் உங்கள் கவுண்டியின் (மாவட்டத்தின்) தொல்பொருள் தொடர்பு அலுவலரிடம் காட்டுங்கள், கிடைத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்போடு. தயவுசெய்து தேய்த்துக் கழுவாதீர்கள். அப்புறம், நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டீர்கள்தானே?